முதியோரையும் கால் அகற்றப்பட்டவர்களையும் பார்க்க மாணவர்களை எப்படித் தயார் செய்கிறீர்கள்?

தாமிரபரணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் இயங்கும் ஓர் இயன்முறை மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். முதியோர் நலம், உறுப்பு அகற்றத்திற்குப் பிந்தைய மறுவாழ்வு ஆகிய இரண்டு பகுதிகளையும் இறுதியாண்டு மாணவர்களுக்கு நடத்தும் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் தரப்பட்டுள்ளது. இதுவரை இரண்டையும் வெவ்வேறு ஆசிரியர்கள், வெவ்வேறு பருவங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடத்தி வந்தார்கள். இவற்றைச் சேர்த்து நடத்தினால் என்ன என்ற எண்ணம் எனக்கு இருக்கிறது. ஆனால் அதை எந்த வரிசையில், எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் மாணவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் அல்லர். பெர்க் சமநிலை அளவுகோலில் 14 செயல்கள் உண்டு, மொத்தம் 56 மதிப்பெண் என்று தயங்காமல் சொல்வார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனையை யார், எந்த ஆண்டில் வெளியிட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தினால் நிலைமை வேறாக இருக்கிறது. போர்வையை விலக்கியதும் ஸ்டம்ப்பை, அதாவது அகற்றியபின் எஞ்சியிருக்கும் கால்பகுதியை, தொடக் கை வருவதில்லை. பார்வை தானாகவே கேஸ் ஷீட்டுக்குப் போய்விடுகிறது. எழுபது வயதுப் பெரியவர் தெளிவாக விழித்து உட்கார்ந்திருக்கும்போதே, “எப்போதிருந்து நடக்கவில்லை?” என்று பக்கத்தில் நிற்கும் மகனிடம் கேட்கிறார்கள். பயிற்சி என்று வரும்போது, யாராக இருந்தாலும் காலைத் தூக்கு, பத்து முறை செய், மாலையில் இன்னும் பத்து முறை செய் என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

அக்கறையின்மையால் இப்படி நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. உடல் குறைந்த ஒருவரையோ, உடல் தளர்ந்த ஒருவரையோ நெருங்கிப் பழகும் வாய்ப்பே இல்லாமல் வளர்ந்த இருபது வயதுப் பிள்ளைகள் அவர்கள். மருத்துவமனைப் பயிற்சிக்கு எங்களுக்குக் கிடைக்கும் காலமோ மிகக் குறைவு. அந்தக் குறைந்த காலத்தில் முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது, எதை அவர்கள் கையாலேயே செய்யவைப்பது, அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆசிரியர்கள் மட்டுமல்லாமல் செயற்கைக் கால் செய்பவர்களும், சிகிச்சை பெற்றவர்களும் பதில் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களை வார்டில் வழிநடத்துவதும் என் அன்றாட வேலையில் சேர்ந்தது. இரண்டு பகுதிகளையும் சேர்த்தே நடத்துங்கள் என்பதே என் கருத்து. எங்கள் அறுவை சிகிச்சை வார்டில் கால் அகற்றப்பட்டுப் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்த சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்குக் கால் போனது மட்டும் பிரச்சினை அல்ல. கண்ணில் புரை இருக்கும், காது மந்தமாக இருக்கும், இதயத்திற்கு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், சிறுநீரகம் பாதி பழுதாகியிருக்கும். பாடத்திட்டம் இரண்டு தாள்களாகப் பிரித்து வைத்திருப்பது கட்டிலில் ஒரே மனிதராகப் படுத்திருக்கிறது என்பதை மாணவர்கள் முதல் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நான் எப்போதும் அகற்றப்படாத காலிலிருந்துதான் தொடங்குகிறேன். கட்டுப் போட்ட பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, மற்றக் காலின் விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள், குதிகாலைத் திருப்பிப் பாருங்கள், பாதத்தின் மேல்புறத்தில் நாடித்துடிப்பைத் தேடுங்கள், 10 கிராம் மோனோஃபிலமெண்டை (தோலில் அழுத்திப் பார்க்கும் நைலான் இழை) வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதியுங்கள் என்று சொல்வேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போகும் ஒருவரின் முழு எடையையும், அதே சர்க்கரை நோயால் ஏற்கெனவே நரம்பும் இரத்த ஓட்டமும் கெட்டுப்போன அந்தக் கால்தான் தாங்குகிறது. அந்தக் காலையும் சில ஆண்டுகளுக்குள் இழந்து திரும்பி வருபவர்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பதற்கு நம் ஊருக்கு ஒரு மரபே உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் தொழுநோயாளிகளுக்காக உழைத்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாமல் போவதுதான் பாதத்தை அழிக்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு அந்த வழியில் வந்ததுதான். மாணவர்களுக்கு இதைச் சொன்னால், பாதத்தைச் சோதிப்பதை வெறும் சடங்காகச் செய்யமாட்டார்கள்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. காயமில்லாத காலைத் தொட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே மாணவருக்கும் நோயாளிக்கும் இடையே கூச்சம் குறைந்துவிடுகிறது. அதன் பிறகு ஸ்டம்ப்பைத் தொடும்போதும் முதல் கை மாணவருடையதாக இருக்கக் கூடாது. “ஐயா, முதலில் நீங்களே ஒரு முறை தடவிப் பாருங்கள், எங்கே கூசுகிறது, எங்கே மரத்திருக்கிறது என்று சொல்லுங்கள்” என்று கேட்கவைப்பேன். பலர் அறுவை சிகிச்சைக்குப் பின் அதுவரை தம் காலைத் தாமே தொட்டிருக்கமாட்டார்கள். அவர் தொட்டபின் அவர் காட்டும் இடத்தில் மாணவர் கை வைக்க வேண்டும். பின்னாளில் துண்டால் தேய்ப்பது, விரல் நுனியால் தட்டுவது என்று கூச்சத்தைப் போக்கும் பயிற்சிகள் அனைத்தும் இங்கிருந்தே வளரும்.

அடுத்ததாக, தலையணை. வார்டில் சுற்றி வந்தால், முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்ட காலின் அடியில் மடித்த போர்வையோ தலையணையோ வைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். வீட்டார் அன்பினால் வைப்பது. நோயாளிக்கும் அது இதமாக இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்று வாரம் அப்படியே கிடந்தால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், பிறகு செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடாகிவிடும். மாணவர் தலையணையை எடுத்துவிட்டுப் போனால் அடுத்த மணியே அது திரும்பி வந்துவிடும். ஆகையால் அதை எடுத்து மகளின் கையில் கொடுத்து, ஏன் எடுக்கிறேன் என்பதை அவருக்குப் புரியும்படி இரண்டு வாக்கியத்தில் சொல்லச் செய்கிறேன். இடுப்பு மடங்கி இறுகாமலிருக்கக் குப்புறப் படுக்கவையுங்கள் என்று புத்தகம் சொல்லும். இதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ள முதியவரால் குப்புறப் படுக்க முடியாது. அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, நல்ல காலை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டம்ப்பை மெத்தையில் அழுத்தச் சொல்லலாம் என்று மாணவர் தாமாகவே கண்டுபிடித்துச் சொன்னால், முதியோர் பாடமும் அகற்றப் பாடமும் அவருக்குள் ஒன்று சேர்ந்துவிட்டன என்று எனக்குத் தெரியும்.

எழுப்பி நிறுத்துவதற்கு முன் படுத்த நிலையில் இரத்த அழுத்தம் எடுக்க வேண்டும். நின்றபின் ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மீண்டும் எடுக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய சரிவு. பல நாள் படுக்கையில் இருந்த முதியவர் ஒற்றைக்காலில் நின்று மயங்கி விழுந்தால், புதிய தையல் பிரிவது மட்டுமல்லாமல், மறுபடி நிற்கும் துணிவே போய்விடும். இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவருக்கு நாடித்துடிப்பை வைத்து உழைப்பை அளக்க முடியாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரையே கேட்டு 6 முதல் 20 வரையிலான போர்க் அளவுகோலில் குறிக்க வேண்டும். அதே மாத்திரை, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் மறைத்துவிடும். எனவே எப்போது இன்சுலின் போட்டார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

பத்து முறை என்ற பழக்கத்தைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தீர்கள். முதியவர் என்றாலே மென்மையாகச் செய்தால் போதும் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பாஸ்டனில் நடந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வை அவர்களுக்குச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆன சிலருக்கு எட்டு வாரம் நல்ல எடையில் தசைப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. எத்தனை முறை என்பதை விட எவ்வளவு சுமை என்பதுதான் கேள்வி. பத்தாவது முறையைச் சிரமப்படாமல் முடித்தால் அந்தச் சுமை அவருக்குப் போதவில்லை என்று பொருள்.

இன்னொன்றையும் மறைக்காமல் கற்றுக்கொடுக்க வேண்டும். இரத்த ஓட்டக் கோளாறால் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் செயற்கைக் காலோடு நடக்க, வழக்கத்தை விட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் ஆற்றல் செலவாகிறது. முழங்காலுக்கு மேலே என்றால் ஏறத்தாழ இரு மடங்கு. பலவீனமான இதயம் உள்ள எண்பது வயது மூதாட்டிக்குச் சக்கர நாற்காலியில் தாமாக வாசல் வரை வந்து அக்கம்பக்கத்தாரோடு பேசுவதே சரியான இலக்காக இருக்கலாம். அதைத் தோல்வி போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்லாமல், மதிப்போடு எடுத்துச் சொல்லும் பக்குவத்தை மாணவர்கள் பெற வேண்டும். என் பார்வையில் இந்தப் பாடத்திலேயே கடினமான பகுதி இதுதான்.

பிளாஸ்டர் அறை எழுதியது:

செயற்கைக் கால், துணைக்கருவிகள் செய்யும் தொழில்நுட்பராக இருக்கிறேன். மேலே எழுதியவர் முழங்கால் இறுக்கம் பற்றிக் கூறியதை என் பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறேன். சற்றே இறுக்கம் இருந்தால் சாக்கெட்டை, அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் கூட்டை, அந்தக் கோணத்திற்கு ஏற்றபடி சாய்த்து அமைத்துச் சமாளிக்கலாம். இறுக்கம் அதிகமாகிவிட்டால், எவ்வளவு நல்ல கால் செய்தாலும் அவர் முழங்கால் மடங்கியபடியே நிற்பார், தொடைத்தசை விரைவில் சோர்ந்துவிடும். தலையணையை எடுக்காத வார்டின் விளைவு மாதங்கள் கழித்து என் மேசைக்கு வந்து சேருகிறது.

மாணவர்களை ஒரு முழு நாளாவது செயற்கைக் கால் செய்யும் கூடத்திற்கு அனுப்புங்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் அளவெடுப்பதிலிருந்து நடைபழகுவது வரை எல்லாம் ஒரே வளாகத்தில் நடப்பதைக் காணலாம். வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஒரு மாணவரின் காலில் இன்னொரு மாணவர் பிளாஸ்டர் கட்டு சுற்றி அச்சு எடுத்துப் பார்க்க வேண்டும். ஈரமான கட்டு இறுகும்போது முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநார், அழுத்தினாலும் தாங்குகிறது. காலின் வெளிப்பக்கம் துருத்தும் ஃபிபுலா எலும்பின் தலைப்பகுதியோ சிறிது அழுத்தத்திற்கே வலிக்கிறது. இதைத் தம் காலிலேயே உணர்ந்த மாணவருக்கு, எங்கே அழுத்தம் தரலாம், எங்கே தரக்கூடாது என்று படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை.

ஸ்டம்ப்பில் கிரேப் பேண்டேஜ் (இழுபடும் துணிக்கட்டு) சுற்றுவதற்கும் தனி வகுப்பு தேவை. வட்டவட்டமாகச் சுற்றினால் அது காலை நெரித்து, கீழ்ப்பகுதியில் நீர் தேங்கவைக்கும். எட்டு வடிவத்தில், நுனியில் அழுத்தம் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கும்படி சுற்ற வேண்டும்; சில மணி நேரத்திற்கொரு முறை அவிழ்த்து மீண்டும் சுற்ற வேண்டும். மாணவர் சுற்றினால் மட்டும் போதாது. விரல்களில் மூட்டுவாதம் உள்ள, கண் மங்கிய ஒரு பாட்டியால் அதைத் தானே சுற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அளவான இறுக்கமான உறையைக் கேட்டு வாங்கித் தருவதே நல்லது. இந்த முடிவை மாணவரே எடுக்கும்படி விடுங்கள்.

சாக்கெட் காலையில் சரியாக இருந்தது, மாலையில் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று வருபவர்கள் அதிகம். ஸ்டம்ப்பின் பருமன் ஒரே நாளில் மாறும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இன்னும் அதிகமாக மாறும். சாக்கெட்டுக்குள் ஸ்டம்ப்பின் மேல் எத்தனை சாக்ஸ் போட்டிருக்கிறார், எப்போது ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர், அவரை வாரம் இரண்டு முறையாவது பார்க்கும் இயன்முறை மருத்துவர்தான். காலைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்துவிட்டால் கவலையில்லை, மறையாவிட்டால் அன்றே எங்களிடம் அனுப்புங்கள்.

பாதத்தைத் தேர்ந்தெடுப்பதும் வாழ்க்கைமுறையைச் சார்ந்தது. குதிகால் மெத்தென்றும் கணுக்கால் அசையாமலும் இருக்கும் சாச் பாதம் ஷூ அணிந்து சமதளத்தில் நடப்பவருக்குப் பொருந்தும். 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராம்சந்திர சர்மாவும் எலும்பு அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய பாதம், வெறுங்காலோடு நடக்கவும், குந்தி உட்காரவும், சம்மணமிடவும் இடம்கொடுப்பதற்காகவே ரப்பரில் அமைந்தது. நோயாளி வயலுக்குப் போகிறவரா, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரா, தரையில் அமர்ந்து சாப்பிடுகிறவரா என்பதை எங்களுக்கு எழுதியனுப்பும் இயன்முறை மருத்துவர்கள் மிகச் சிலரே. உங்கள் மாணவர்களின் பரிந்துரைத் தாளில் அந்த நான்கு வரி இருந்தால் எங்கள் வேலை பாதி எளிதாகிவிடும்.

கடலோரம் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். சர்க்கரையால் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். சிகிச்சை பெற்றவர்களும் எழுதலாம் என்று கேட்டிருப்பதால் எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கல்லூரி ஒன்று மாணவர்களோடு உரையாட என்னை அவ்வப்போது அழைக்கிறது.

நான் அவர்களிடம் முதலில் சொல்வது, இல்லாத காலில் வரும் வலியைப் பற்றித்தான். போன காலின் கட்டைவிரலை யாரோ முறுக்குவது போல இரவில் வலிக்கும். அதை வெளியே சொன்னால் மனநிலை சரியில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சிப் பல வாரம் மனைவியிடம் கூடச் சொல்லாமல் இருந்தேன். ஒரு மாணவி தாமாகவே, “ஐயா, போன காலில் வலி ஏதும் தெரிகிறதா? நிறையப் பேருக்கு அப்படி இருக்கும்” என்று கேட்டபோது எனக்குப் பெரும் ஆறுதல் கிடைத்தது. அந்தக் கேள்வியை ஒவ்வொரு மாணவரும் கேட்கப் பழக வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். இராமச்சந்திரன் 1990களில் கண்ணாடியைப் பயன்படுத்தி இந்த வலியைக் குறைக்க வழி கண்டார் என்பதையும் அந்த மாணவிதான் சொன்னார். கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே விரல்களை விரிக்கச் செய்தார். எனக்கு அது ஓரளவு பலனளித்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலனளிப்பதில்லை என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவதாக, விழுவதைப் பற்றி. விழாமல் இருப்பது எப்படி என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். விழுந்தால் எழுவது எப்படி என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வந்தபின் குளியலறை வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அடி எதுவும் இல்லை. ஆனால் எழத் தெரியாமல், வெளியே போயிருந்த மனைவி திரும்பும் வரை ஈரத்தரையிலேயே இருந்தேன். பின்னர் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் பாயை விரித்து, அதில் என்னை இறக்கி, பின்புறமாக நகர்ந்து உயரம் குறைந்த ஸ்டூலில் கையூன்றி ஏறி, அதிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் தனியாக இருக்க எனக்குத் துணிவு வந்தது. ஒவ்வொரு மாணவரும் தம் ஒரு காலை மடக்கிக் கட்டிக்கொண்டு தரையிலிருந்து எழுந்து பார்க்க வேண்டும் என்று அந்தக் கல்லூரியில் கேட்டுக்கொண்டேன், செய்கிறார்கள்.

மூன்றாவது வேண்டுகோள் சிறியது. இரவில் செயற்கைக் காலைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் எங்களுக்கு அவசரமாகச் சிறுநீர் கழிக்கத் தோன்றும். வயதானவர்களுக்கு இது தவிர்க்க முடியாதது. அரைத்தூக்கத்தில் கால் இருப்பதாகவே எண்ணி எழுந்து நடக்கப் போய் விழுந்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. இரவில் எப்படிப் போகிறீர்கள், வாக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். பெரியவர்கள் கூச்சப்பட்டு இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

பனைநிலம் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், நானும் இயன்முறைச் சிகிச்சையாளர். வைகைக்கரை அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனால் இரண்டையும் ஒரே பாடமாகச் சேர்க்கும்போது, கால் அகற்றப்பட்டவர் என்றால் சர்க்கரை நோயுள்ள முதியவர் என்ற ஒரே உருவம் மாணவர் மனத்தில் பதிந்துவிடும் அபாயம் இருக்கிறது. எங்கள் பகுதியில் போரிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்களாகவும் குழந்தைகளாகவும் இருந்தார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து இயங்கிவரும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையத்திற்கு அவர்கள் திரும்பத் திரும்ப வந்து கால்களை மாற்றிக்கொண்டு, வயலிலும் கடலிலும் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்தவர்கள்.

அவர்களில் பலருக்கு இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறது. முதுமையில் காலை இழந்தவரும், இருபது வயதில் காலை இழந்து செயற்கைக் காலோடு முதுமைக்குள் நுழைபவரும் வெவ்வேறு நோயாளிகள். பின்னவருக்குச் செயற்கைக் காலைப் பற்றி நாம் சொல்லித்தர எதுவுமில்லை, அவர்தான் நமக்குச் சொல்லித்தருவார். ஆனால் பல ஆண்டுகளாகக் கூடுதல் சுமை தாங்கிய நல்ல காலின் முழங்கால் தேய்ந்திருக்கும், இடுப்பு வலி இருக்கும், அகற்றப்பட்ட பக்கத்துத் தொடை எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கும். ஊன்றுகோலில் நடந்தவர் என்றால் தோள்பட்டையும் கெட்டிருக்கும். இதுவரை யாருடைய உதவியுமின்றி வாழ்ந்த ஒருவரிடம், இனி கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அவருக்கு இரண்டாவது இழப்பாகவே தோன்றுகிறது. நடைவேகம் குறைகிறது, முன்பு போட்ட கால் இப்போது பாரமாக இருக்கிறது என்று அவர் சொல்லும்போது, இலேசான காலுக்கும் உறுதியான முழங்கால் மூட்டுக்கும் மாற்றுவதா, பயிற்சியால் வலிமையைக் கூட்டுவதா என்று அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

எனவே என் பரிந்துரை: இரண்டு நோயாளிகளை அருகருகே வைத்துக் கற்பியுங்கள். அறுபத்தைந்து வயதில் போன மாதம் கால் அகற்றப்பட்டவர் ஒருவர், அதே வயதில் பல ஆண்டுகளாகச் செயற்கைக் காலோடு வாழ்பவர் ஒருவர். இருவரையும் ஒரே மாணவர் ஒரே வாரத்தில் பார்த்து இரண்டு திட்டங்களை எழுதட்டும். இரண்டு திட்டங்களும் ஒன்றுபோல் இருந்தால் அவர் நோயாளியைப் பார்க்கவில்லை, நோயின் பெயரை மட்டும் பார்த்திருக்கிறார் என்று நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

தாமிரபரணி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அகற்றப்படாத காலிலிருந்து தொடங்கும் முறையையும், தரையிலிருந்து எழும் பயிற்சியையும், அச்சு எடுக்கும் நாளையும் இந்தப் பருவத்திலேயே சேர்த்துக்கொள்கிறேன். பனைநிலம் அவர்களின் எச்சரிக்கை எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. இரு நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாட்டைக் கட்டாயம் செய்வேன். கடலோரம் ஐயா அவர்களைப் போன்றவர்களைப் பேச்சாளராக மட்டும் அழைக்காமல் வகுப்பில் ஆசிரியராகவே வைத்துக்கொள்ள நிர்வாகத்திடம் கேட்கப் போகிறேன், அதற்குரிய மதிப்பூதியத்தோடு.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. இவற்றையெல்லாம் தேர்வில் எப்படி மதிப்பிடுவது? எழுத்துத் தேர்வில் பெர்க் அளவுகோலைக் கேட்டால் பெர்க் அளவுகோலைத்தான் படிப்பார்கள்.

வைகைக்கரை எழுதியது:

பனைநிலம் அவர்கள் கூறியதை ஏற்றுக்கொள்கிறேன்; எங்கள் வார்டுக்குப் புதிதாகக் காலை இழந்தவர்களே வருவதால் அந்த இன்னொரு கூட்டம் எங்கள் கண்ணில் படுவதில்லை.

தேர்வைப் பொறுத்தவரை, நாங்கள் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். மாணவரை நோயாளியிடம் அனுப்பி இருபது நிமிடம் கொடுக்கிறோம். தேர்வாளர் ஓரமாக நின்று பார்ப்பார், குறுக்கே பேசமாட்டார். கவனிப்பது சில செய்கைகளை மட்டுமே: கண்ணாடியும் காதுக்கருவியும் அணிந்திருக்கிறாரா என்று பார்த்தாரா, முதல் கேள்வியை நோயாளியிடம் கேட்டாரா, தொடுவதற்கு முன் அனுமதி கேட்டாரா, மற்றக் காலைச் சோதித்தாரா, எழுப்புவதற்கு முன் இரத்த அழுத்தம் எடுத்தாரா, வாக்கரின் உயரத்தைச் சரிசெய்தாரா. மாணவர் வெளியே வந்ததும், இவர் வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது, வாசலில் எத்தனை படி, வீட்டுக்குப் போய் முதலில் என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று மூன்று கேள்விகள் கேட்போம். இவற்றுக்கு விடை தெரியாதவர் எழுதும் சிகிச்சைத் திட்டத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நாங்கள் படிப்பதில்லை. திரும்பவும் உள்ளே அனுப்பிவிடுகிறோம்.

பிறகு நோயாளியிடமும் கருத்துக் கேட்டு அதற்கென மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறோம். “இந்தப் பிள்ளை நாளையும் வரலாமா?” என்பது ஒன்றே கேள்வி. பெரியவர்கள் பொதுவாக எல்லோருக்கும் ஆம் என்றே சொல்லிவிடுவார்கள் என்று முதலில் எங்களுக்கும் ஐயம் இருந்தது. ஆனால் ஏன் என்று அடுத்துக் கேட்டால் நுணுக்கமாகச் சொல்கிறார்கள்: கை சூடாக இருந்தது, அவசரப்படவில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், போகும்போது செருப்பைக் கட்டிலுக்கு அருகே எடுத்து வைத்துவிட்டுப் போனார் என்றெல்லாம்.

இயன்றால் வீட்டுப் பார்வையையும் மதிப்பீட்டில் சேருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் வீடுகளுக்குப் போகிறார்கள். உரிய அனுமதி பெற்று, அவர்களோடு மாணவர்களை இருவர் இருவராக அனுப்பலாம். வார்டில் இணைக் கம்பிகளுக்கு நடுவே நன்றாக நடந்தவர், வீட்டில் ஓர் அடி உயர வாசற்படியின் முன் நின்றுவிடுவதை அங்கேதான் பார்க்க முடியும். அந்தப் படியின் உயரத்தை டேப்பால் அளந்து வந்து, அதே உயரத்தில் ஒரு பலகையை வைத்து மறுநாள் வகுப்பில் பயிற்சித் திட்டம் வகுக்கச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதத்தின் மாதிரி தேவைப்பட்டால் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.